சபாநாயகர் நின்ற நேரம்

கசெங்கா ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்ற தீர்மானம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்தது. கூட்டத்தொடரின் கடைசி நாளும் அதுதான். அவை கலைவதற்குள் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். நடக்காவிட்டால் தீர்மானம் காலாவதி. அடுத்த கூட்டத்தொடருக்கு முன் மழை வந்துவிடும். மழை வந்தால் அக்கரையில் இருப்பவர்களுக்கு மருத்துவமனை என்ற ஒன்று கிடையாது. போன மழையில், பிரசவ வலியோடு படகுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் கரையிலேயே இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி தியோங்கேயிடம் வேதியியல் படித்தவள். பெயர் சிம்வெம்வே.

தியோங்கே ஷோங்கா கசெங்கா தொகுதி இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி சார்பில் ஜெயித்து வந்தவள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் நடத்திப் பழகியவள். இந்த அவையில் அவள் இன்னும் ஒரு தடவைகூட எழுந்து பேசவில்லை. முதல் பேச்சே இந்தத் தீர்மானம்தான். உள்ளங்கை வியர்வையில் தாள் நனைந்து, மையும் கொஞ்சம் கசிந்திருந்தது.

பக்கத்து இருக்கை நமாகாவ் சிட்டாலி அவள் வயதுக்காரி. மேற்குப் பக்கத்து லோசி இனத்துக்காரி. மேசைக்கு அடியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆளுங்கட்சிக்காரங்க எதிர்த்து ஓட்டுப் போட மாட்டாங்க" என்றாள், உதடு அசையாமல். "பாலம் வேணாம்னு சொன்னா ஊருக்குள்ள விடுவாங்களா? சத்தம்தான் போடுவாங்க. அந்தக் கடிகாரம் முடியற வரைக்கும் கத்துவாங்க. தீர்மானம் தானா செத்துரும். யாரும் கொன்னதா ஆகாது."

செயலரின் தலைக்கு மேலே, சுவரில், சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

இதை யார் நடத்தப் போகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். ஆளுங்கட்சியின் துணைக் கொறடா லோம்பே சிஷாலா. பாலத்துக்கான பணத்தை அவருடைய தொகுதியின் சாலைக்குத் தருவதாகக் கட்சி வாக்குக் கொடுத்திருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரலில் பாடுகிறவர். ஒலிபெருக்கியே தேவைப்படாத ஆள். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே வாரம் உணவகத்தில் தியோங்கேயின் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ங்கோனிப் பொண்ணுங்க எங்களுக்கு வரி கட்டணும், தெரியுமில்ல?" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே அவருடைய நுஷிமாக் களி உருண்டையில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள். அவர் பெம்பா, இவள் ங்கோனி. பாட்டன் முப்பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம், இப்போது கேலிமுறை. முகம் தெரியாத பெம்பாக்காரன்கூட ங்கோனிக்காரியைச் சந்தையில் வைத்து வாய்க்கு வந்தபடி பேசலாம், அவளும் பேசலாம். கோபித்துக்கொள்கிறவர்தான் குற்றவாளி. தியோங்கேயின் அப்பா செத்தபோது பெம்பாக்காரர் ஒருவர் வந்து சவப்பெட்டியைத் தூக்க விடாமல் குறுக்கே படுத்துக்கொண்டார். எங்களுக்கு ஆடு வெட்டிப் போடாமல் தப்பித்து ஓடப் பார்க்கிறான், எழுப்புங்கள் அவனை என்றார். அழுதுகொண்டிருந்த அம்மா அப்படியே சிரித்துவிட்டாள்.

சபாநாயகர் மலாமா கபுங்வேயும் பெம்பாதான். அறுபது தாண்டிய பெண்மணி, சின்ன உருவம். அந்த உயர்ந்த நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் ஒரு மணையில் வைத்திருப்பார். முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு உட்கார்ந்தபடியேதான் அவையை நடத்தினார். ஆளுங்கட்சி உட்கார வைத்த ஆள். அந்தக் கட்சி நினைத்தால் இறக்கவும் முடியும்.

தியோங்கே வந்த நாளிலிருந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தை அவர் குரல் உயர்த்தாமல் வைத்திருந்தார். சுத்தியலை எடுப்பதே அபூர்வம். பியூரெட்டிலிருந்து சொட்டு விடுவதுபோல ஒவ்வொரு சொல்லாக விடுவார். ஒரு சொட்டு குறைந்தாலும் நிறம் மாறாது, ஒரு சொட்டு கூடினாலும் கெட்டுவிடும். அன்று காலையில்கூட மீன்வள விவாதத்தில் ஒருவர் அமைச்சரைப் பார்த்து, பொய்யன் என்று கத்தினார். சபாநாயகர் அந்தப் பக்கம் திரும்பாமலே, "மாண்புமிகு உறுப்பினர் சொன்னது என் காதுல விழல. இன்னொரு தடவ சொன்னா விழுந்துரும்" என்றார். கத்தியவர் தண்ணீர் குடித்தார். விவாதம் போன இடத்திலிருந்து தொடர்ந்தது.

இது எப்படி நடக்கிறது என்று தியோங்கேக்குப் புரியவில்லை. புரியாததால் பிரமிப்பு இன்னும் கூடியது.

தீர்மானத்துக்கு முந்திய வேலைகளையே ஆளுங்கட்சி இழுத்தடித்தது. தியோங்கேயின் பெயர் கூப்பிடப்பட்டபோது சிவப்பு எண்களில் கொஞ்சம்தான் மிச்சம். எழுந்தாள். முதல் வாக்கியம் சொன்னாள். இரண்டாவதுக்கு இருமல் தொடங்கியது. எதிர்ப்பக்கம் ஒருவர் இருமினார், அப்புறம் ஒரு வரிசையே இருமியது.

"மருத்துவமனை தேவைப்படறது இந்தப் பக்கம்தான் போல" என்றார் சபாநாயகர். சிரிப்பு எழுந்தது. இருமல் நின்றது.

தியோங்கே மூன்றாவது வாக்கியத்துக்குப் போனாள். அக்கரையில் எத்தனை ஊர்கள், எத்தனை குடும்பங்கள். அப்போது சிஷாலா ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, இருக்கையில் சாய்ந்துகொண்டு, பாட்டுப் பாடுவதுபோல இழுத்துச் சொன்னார்: "எலி பிடிச்சுத் தின்னறவங்களுக்குப் பாலம் எதுக்கு? எலி இக்கரையிலயும் இருக்கே."

அவை சிரித்தது. அவளுடைய கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். தியோங்கேக்கும் சிரிப்பு வந்தது. இது அவளுக்குத் தெரிந்த பேச்சு. சந்தையில், பஸ்ஸில், சாவு வீட்டில் பேசிய பேச்சு. யோசிக்காமல் பதில் சொன்னாள். அவளுக்கு முன்னால் ஒலிவாங்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"குரங்குக் கறி தின்னு வளந்தவங்களுக்கு வேணும்னா பாலம் வேணாம். மரத்துக்கு மரம் தாவிப் போயிருவீங்க. நாங்க நடந்துதான் போகணும்."

சிரிப்பு கூரையைத் தொட்டது. பார்வையாளர் மாடத்திலும் சிரித்தார்கள். சிஷாலா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து, ஒலிவாங்கியைப் போட்டு, மேலங்கியின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

"சபாநாயகர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை" என்றார். மாண்புமிகு உறுப்பினர் ஓர் இனத்தையே இழிவுபடுத்திவிட்டார், அந்த இனத்தில் பிறந்தவர் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆகவே இது நாற்காலிக்கு நேர்ந்த அவமதிப்பு என்றார். நாற்காலியை அவமதித்தவரை அவையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பது விதி. தீர்மானம் கொண்டுவந்தவர் வெளியே போனால் தீர்மானமும் அவரோடு போகும்.

"மாட்டிட்டே" என்றாள் நமாகாவ். கடலை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

தியோங்கேக்கு அப்போதுதான் உறைத்தது. சிஷாலா சொன்னது ஒலிவாங்கி இல்லாமல். அவைக்குறிப்பில் அது இருக்காது. அவள் சொன்னது மட்டும் அச்சில் ஏறும். தட்டிலிருந்து கறி எடுத்தவர் என்று நம்பி அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

சபாநாயகர் சிஷாலா பக்கம் திரும்பினார்.

"நாற்காலிக்கு அவமதிப்பா இல்லையான்னு நாற்காலி சொல்லும். எனக்கு அவமதிப்பு இல்ல" என்றார். "ஆனா இந்தக் கதவுக்கு உள்ள கேலிமுறை கிடையாது. இங்க பெம்பா இல்ல, ங்கோனி இல்ல, மாண்புமிகு உறுப்பினர்தான் உண்டு. கசெங்கா உறுப்பினர் அந்த வார்த்தையத் திரும்ப வாங்கிக்கணும்."

குரலில் துளி இரக்கம் இல்லை. தியோங்கேயின் காது சுட்டது. திரும்ப வாங்கிக்கொள்கிறேன், மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"நல்லது. இப்ப துணைக் கொறடா."

சிஷாலா கைகளை விரித்தார். தான் எதுவும் சொல்லவில்லை என்றார். சந்தேகம் இருந்தால் அவைக்குறிப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கலாம் என்றார்.

"அவைக்குறிப்புக்குக் கேக்காம இருக்கலாம். எனக்குக் கேட்டுச்சு."

சிஷாலா காத்திருந்தது இதற்குத்தான். சபாநாயகர் எழுதப்படாத ஒன்றை வைத்து ஆளுங்கட்சி உறுப்பினர் மேல் நடவடிக்கை எடுக்கிறார் என்று அவர் உரக்கச் சொன்ன அடுத்த நொடி அந்தப் பக்கம் முழுவதும் எழுந்தது. மேசைகளைத் தட்டினார்கள். பாரபட்சம் என்றார்கள். யார் உட்கார வைத்தது என்பதை மறந்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா, அதுவும் எழுந்தது. சிலர் நடுவில் இறங்கி செங்கோல் இருந்த மேசையை நோக்கிப் போனார்கள். அவைக் காவலர்கள் குறுக்கே நின்றார்கள். யாருடைய சட்டையோ கிழிந்தது. சுவரில் சிவப்பு எண்கள் தம்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. தியோங்கே அவற்றை மட்டும் பார்த்தாள். சிம்வெம்வேயின் அம்மா மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பார்க்க தியோங்கேக்குத் தைரியம் வரவில்லை.

சபாநாயகர் எழுந்து நின்றார்.

சுத்தியலைத் தட்டவில்லை. எதுவும் சொல்லவில்லை. முதலில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. அவர் எழுந்தாலும் அவ்வளவு உயரம்தான்.

சபாநாயகர் நின்றால் மற்ற யாரும் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதற்கு அடுத்த வரியில் இன்னொன்று உண்டு. அவையை அடக்க அவர் நிற்கும் நேரம் அவையின் நேரத்தில் சேராது. செயலர் கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டும். படித்திருப்பார்கள், ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. இதற்கு முன் இருந்தவர்கள் ஒரு மூச்சு நேரம் நிற்பார்கள்; அடங்காவிட்டால் அவையை ஒத்திவைத்துவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். ஒத்திவைத்தால் நேரம் ஓடும். சிஷாலாவின் கணக்கு அதுதான். ஒத்திவைப்பார், இல்லாவிட்டால் அந்த முட்டியோடு நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார்.

நமாகாவ் தியோங்கேயின் தொடையைக் கிள்ளினாள். "கடிகாரத்தப் பாருடி."

எண்கள் அசையவில்லை.

சத்தம் நிற்கவில்லை. ஆனால் அதைப் போடுகிறவர்களுக்கு அதனால் இனி லாபம் இல்லை. கத்தக் கத்த அவர் நிற்பார். அவர் நிற்க நிற்க நேரம் நிற்கும். முன்வரிசையில் இருந்த ஒரு அமைச்சர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரின் கையைத் தொட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினார்கள்.

சபாநாயகரின் வலது கை நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை. விரல்களுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கறுப்பு அங்கிக்குள் ஒரு பக்கத் தோள் மெதுவாகச் சரிந்தது, திரும்ப நிமிர்ந்தது. நெற்றியில் வியர்வை. முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் முகம்போல இருந்தது. வரும், வராமல் எங்கே போகும் என்பதுபோல.

எவ்வளவு நேரம் என்று தியோங்கேயால் சொல்ல முடியவில்லை. அதை அளக்கும் கடிகாரம்தான் நின்றிருந்ததே.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உக்காருங்கம்மா, முட்டி கழண்டுரப் போகுது."

சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பு முடியவில்லை. ஆளுங்கட்சியிலேயே வயதான பெண் உறுப்பினர் ஒருவர் திரும்பி அந்தக் குரல் வந்த இடத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் உட்கார்ந்தார். அதற்கடுத்தவர். அதிதெவிட்டிய கரைசலில் ஒரு சின்னப் படிகத்தைப் போட்டால் அதன் ஓரத்திலிருந்து கண்ணெதிரே எல்லாம் இறுகிக்கொண்டு போகும். தியோங்கே மாணவர்களுக்கு வருடாவருடம் செய்து காட்டியிருக்கிறாள். அமைதி அப்படித்தான் அந்த மூலையிலிருந்து கிளம்பி வரிசை வரிசையாக நகர்ந்தது. செங்கோல் மேசையருகே இருந்தவர்கள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் எப்போது உட்கார்ந்தார்கள் என்பதே தெரியவில்லை. தானும் உட்கார்ந்திருப்பதை தியோங்கே அப்போதுதான் கவனித்தாள்.

கடைசியில் சிஷாலாவின் குரல் மட்டும் மிஞ்சியது. அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். சுற்றிலும் சத்தம் இல்லாதபோது அந்தப் பெரிய குரல் துணியில்லாமல் நிற்பதுபோல இருந்தது. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். நிறுத்தினார். ஆனால் உட்காரவில்லை.

இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். அவர் ஆறடி. இவர் குழந்தை மாதிரி. பெம்பா வீட்டில் தாய் வயதுப் பெண் நின்றுகொண்டிருக்கும்போது மகன் குனிந்து மண்டியிடுவான். நெஞ்சை நிமிர்த்தி நிற்க மாட்டான். இந்தக் கதவுக்குள் பெம்பா கிடையாது என்று சபாநாயகரே சொல்லிவிட்டார். அதனால் அதையும் அவர் கேட்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஷாலா பொத்தானைக் கழற்றினார். உட்கார்ந்தார்.

அப்போதும் சபாநாயகர் உட்காரவில்லை. முழு அவையும் அடங்கிய பிறகும் நின்றார். மின்விசிறியின் சத்தம் கேட்டது. மாடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சியது கேட்டது. தியோங்கேக்குக் கையில் ரோமம் சிலிர்த்தது. பயமா என்று பார்த்தாள். பயம் இல்லை. முதன்முதலில் நுண்ணோக்கியில் ஒரு துளி ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தபோது இப்படி இருந்தது.

"துணைக் கொறடா அவர்களே" என்றார் சபாநாயகர். மிக மெதுவான குரல், எல்லோருக்கும் கேட்டது. "நான் உக்காந்ததும் நீங்க எந்திரிச்சு ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். எதுன்னு உங்களுக்குத் தெரியும். வேற ஏதாவது சொன்னா நான் திரும்ப எந்திரிப்பேன். எனக்கு அவசரம் இல்ல."

உட்கார்ந்தார். சிவப்பு எண்கள் அசைந்தன.

சிஷாலா எழுந்தார். ஒலிவாங்கியைப் போட்டார். "எலின்னு நான் சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை அவைக்குறிப்பில் ஏறியது.

"கசெங்கா உறுப்பினர் தொடரலாம்."

தியோங்கேக்கு எழுதிவைத்தது எதுவும் நினைவில் இல்லை. மை கசிந்த தாளில் எண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றைப் படித்தாள். பிறகு தாளை வைத்துவிட்டு சிம்வெம்வேயைப் பற்றிச் சொன்னாள். கடைசி வரிசையில் உட்காருவாள், சோதனைக் குழாயைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவாள், திட்டினால் சிரிப்பாள். அந்த இரவு ஆற்றங்கரையில் படகு வராதபோது அவள் தன் அம்மாவிடம் கேட்டது என்னவென்றால்...

"நேரம் முடிஞ்சுது" என்றார் சபாநாயகர்.

வாக்கியம் வாயிலேயே நின்றது. ஒரு கணம் தியோங்கேக்குச் சுருக்கென்றது. ஒரு மூச்சு விட்டிருக்கலாமே. நிமிர்ந்து பார்த்தாள். சபாநாயகர் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்புக்குத் தேவையான அளவுதான் மிச்சம். அவளுக்கு ஒரு மூச்சு கொடுத்தால் அதே ஒரு மூச்சை சிஷாலாவும் கேட்பார், கொடுத்தாக வேண்டும். தியோங்கே உட்கார்ந்தாள்.

தீர்மானத்தை வாக்குக்கு விட சபாநாயகர் எழ வேண்டும். எழுந்தார். இது அவையை அடக்க நிற்பதல்ல, கடிகாரம் ஓடும். இந்தத் தடவை கை கைப்பிடியைப் பிடித்தது. விரல் முட்டிகள் வெளுத்துத் தெரிந்தன.

"ஆம் என்போர்?"

எதிர்க்கட்சி முழுவதும். ஆளுங்கட்சியிலிருந்தும் குரல்கள், கைப்பையை மடியில் வைத்திருந்தவரின் குரலை தியோங்கே அடையாளம் கண்டாள்.

"இல்லை என்போர்?"

கொஞ்சம் குரல்கள். உரக்க இல்லை.

யாராவது ஒருவர் தலை எண்ணச் சொல்லிக் கேட்டால் எண்ண வேண்டும். எண்ணத் தொடங்கினால் நேரம் போய்விடும். அது சிஷாலாவுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அவர் பாதி எழுந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஆம் என்போரே அதிகம். தீர்மானம் நிறைவேறியது."

கைதட்டல் இல்லை. அவையில் கைதட்டக் கூடாது. நமாகாவ் கடலைத் தொலி ஒட்டிய கையால் தியோங்கேயின் கையைப் பிடித்து நசுக்கினாள். மாடத்தில் சிம்வெம்வேயின் அம்மா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள்.

அவை கலைந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவைக் காவலர் செங்கோலைத் தோளில் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அதன் பின்னால் சபாநாயகர் போக வேண்டும். அவர் போகும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. வழக்கமாக அவர் போன உடனே பேச்சும் இரைச்சலும் கிளம்பும், விமானத்தைப் பிடிக்க ஓடுவார்கள்.

சபாநாயகர் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முட்டி மடங்கவில்லை போல. ஒரு காவலர் பக்கத்தில் வந்தார். வேண்டாம் என்று சபாநாயகர் தலையை அசைத்தார். காவலர் விலகினார்.

ஒருவரும் செருமவில்லை. ஒருவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்றபடி காத்திருந்தார்கள். முன்வரிசையில் சிஷாலா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். ஒழுங்கு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

நீண்ட நேரம் கழித்து சபாநாயகரின் செருப்பு மரப்படியில் பட்ட சத்தம் கேட்டது. பிறகு அடுத்த படி.